ராஜாவை எதிர்த்தவர்கள்: வரிசையாகப் படிப்பதா, ஜோடி சேர்த்துப் படிப்பதா?

இங்கிலாந்தில் படிக்கும் என் மகள் போன வருடம் ஜி.சி.எஸ்.இ. (நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி) வரலாற்றுத் தேர்வு எழுதினாள். ஏ.கியூ.ஏ. என்ற தேர்வு வாரியத்தின் ‘பிரிட்டன்: அதிகாரமும் மக்களும்’ என்ற பகுதி. 1170 வாக்கில் தொடங்கி இன்றுவரை வருகிறது. அதன் முன்பாதி முழுக்க ராஜாவின் அதிகாரத்தைக் கேள்வி கேட்டவர்களின் கதைதான்: ஜான் ராஜாவை மடக்கிய பிரபுக்கள், மூன்றாம் ஹென்றியை எதிர்த்த பிரபு சைமன் டி மான்ட்ஃபர்ட், 1381 விவசாயிகள் கிளர்ச்சி, 1536இல் எட்டாம் ஹென்றிக்கு எதிராக வடக்கே எழுந்த ‘பில்கிரிமேஜ் ஆஃப் கிரேஸ்’ கிளர்ச்சி, கடைசியில் முதலாம் சார்லஸின் தலை.

ஜனவரி மாதிரித் தேர்வில் 1381, 1536 இரண்டும் எந்த இரண்டு விதங்களில் ஒத்திருந்தன என்று ஒரு கேள்வி. அவள் முதல் பக்கத்தில் 1381ஐப் பற்றி எழுதினாள், அடுத்த பக்கத்தில் 1536ஐப் பற்றி எழுதினாள். தவறு ஒன்றும் இல்லை. எட்டுக்கு மூன்று. “எல்லாம் சரியாத்தானேப்பா எழுதியிருக்கேன்” என்று அழாத குறை. தாளை வாங்கிப் பார்த்தால் அவள் சொன்னது உண்மை. ஆனால் கேட்டது ஒற்றுமை, அதைத்தான் எழுதவில்லை. அதற்குப் பிறகுதான் எப்படிப் படிப்பது என்ற பேச்சே வீட்டில் வந்தது. மூன்று வழிகளை முயன்றோம். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

முதல் வழி கால வரிசை. நான் படித்ததும் அப்படித்தான்: ராஜா பெயர், ஆண்டு, போர், விளைவு. ஒரு நிகழ்வுக்கு ஓர் அட்டை. ஜான் அட்டையில் 1204 நார்மண்டி போனது, 1214 பூவீன் போரில் தோல்வி, 1215 ஜூன் 15 ரன்னிமீட்டில் மாக்னா கார்ட்டா சாசனம், அதன் 63 பிரிவுகள், ஆகஸ்டில் போப் அதை ரத்து செய்தது. இந்த வழியின் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எது எதனால் வந்தது என்பது குழம்பாது. கெடுதலும் அந்த அட்டையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு அட்டையும் தனித்தனித் தீவு. சார்லஸுக்கு வந்து சேரும்போது ஜான் மறந்துபோயிருப்பார்.

இரண்டாவது, காரணிவாரியாகப் படிப்பது. போர், மதம், பொருளாதாரம், அரசாங்கம், தகவல் தொடர்பு, கருத்துகள், தனிமனிதர், தற்செயல் என்று எட்டுத் தலைப்புகள். 16 மதிப்பெண் கட்டுரை இந்தத் தலைப்புகளை வைத்துத்தான் கேட்கப்படுகிறது. அதனால் பல ஆசிரியர்கள் இதையே சொல்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. எங்களுக்கு ஒத்துவரவில்லை. 1381ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1348இல் வந்த கொள்ளைநோயால் ஆள் பஞ்சம், கூலியை அமுக்க 1351இல் சட்டம், இது பொருளாதாரம். பிரான்சோடு நடந்த போருக்காக மூன்று முறை தலைவரி, இது போர். ஜான் பால் என்ற பாதிரியார் மதத்துக்குப் போவாரா, கருத்துக்குப் போவாரா, தனிமனிதருக்கா? மூன்றுக்கும் போனார். ஒரு கிளர்ச்சியை எட்டுத் துண்டாக வெட்டிய பிறகு, ‘சரி, என்ன நடந்தது, கதையாகச் சொல்லு’ என்றால் அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு வாரத்தில் விட்டுவிட்டோம்.

மூன்றாவதுதான் ஜோடி. பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. தாளை நீளவாக்கில் மூன்றாகப் பிரித்து, இடப்பக்கம் ஒரு நிகழ்வு, வலப்பக்கம் இன்னொன்று, நடுவில் இரண்டையும் இணைக்கும் ஒரே ஒரு வாக்கியம். நடு வாக்கியத்துக்கு இரண்டு பக்கமும் தலா ஒரு பெயரோ ஆண்டோ இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிட வேண்டும். அவ்வளவுதான் விதி.

முதலில் மாதிரித் தேர்வில் அடி வாங்கிய ஜோடியையே எடுத்தோம், 1381ம் 1536ம். நடுவில் அவள் எழுதிய முதல் வாக்கியம்: ‘ராஜா நல்லவர், சுற்றி இருப்பவர்கள்தான் கெட்டவர்கள்.’ இடப்பக்கம், ரிச்சர்ட் ராஜாவின் பக்கம்தான் நாங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்த கூட்டம், லண்டன் கோட்டைக்குள் புகுந்து தலைமைப் பேராயர் சட்பரியையும் பொருளாளர் ஹேல்ஸையும் வெட்டியது. வலப்பக்கம், எட்டாம் ஹென்றிக்கு விசுவாசம் என்று சத்தியம் செய்துவிட்டு அவருடைய அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லை நீக்கச் சொன்னார்கள்.

இரண்டாவது வாக்கியம்தான் அவளுக்குப் பிடித்தது: ‘வாக்குக் கொடுத்தார், கூட்டம் கலைந்தது, அப்புறம் தூக்கு.’ 1381 ஜூன் 14 அன்று மைல் எண்டில் 14 வயது ரிச்சர்ட், பண்ணை அடிமைத்தனம் போகும் என்று சாசனங்கள் எழுதிக் கொடுத்தார். மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் கிளர்ச்சித் தலைவர் வாட் டைலர் வெட்டப்பட்டார், கூட்டம் ஊர் திரும்பியது, ஜூலையில் சாசனங்கள் ரத்தாகின, ஜான் பால் தூக்கிலிடப்பட்டார். 1536இல் டான்காஸ்டரில் சுமார் முப்பதாயிரம் பேருக்கு முன்னால் நார்ஃபக் பிரபுவிடம் இருந்த படை மிகச் சிறியது. அதனால் பேச்சுவார்த்தை. எல்லோருக்கும் மன்னிப்பு, யார்க்கில் நாடாளுமன்றம் என்று வாக்கு. தலைவர் ராபர்ட் ஆஸ்க் அரண்மனைக்கே அழைக்கப்பட்டு கிறிஸ்துமஸ் விருந்தாளியாக இருந்தார். அடுத்த ஜனவரியில் பிகாட் என்பவர் தனியாக இன்னொரு கலகம் கிளப்பியதும் ஹென்றிக்குச் சாக்கு கிடைத்தது. 1537 ஜூலையில் ஆஸ்கை யார்க்கில் தொங்கவிட்டார்கள். யார்க் நாடாளுமன்றம் கூடவே இல்லை.

இங்கேதான் என் முடிவைத் தீர்மானித்த விஷயம் வருகிறது. அது பராமரிப்பு. எந்த முறையில் படித்தாலும் படித்த அன்று மாலை எல்லாம் தலையில் இருக்கும். மூன்று வாரம் தொடாமல் விட்டால் எவ்வளவு மிஞ்சுகிறது, மிஞ்சாததை மீட்க எவ்வளவு நேரம் ஆகிறது? பிள்ளைக்கு இன்னும் எட்டுப் பாடங்கள் இருக்கின்றன. வாராவாரம் வரலாற்று அட்டைகளைத் துடைத்துவைக்க அவளுக்கு நேரம் இல்லை. மார்ச்சில் அறிவியல் தேர்வுகள் வந்ததால் வரலாற்றை மூன்று வாரம் மூடியே வைத்திருந்தாள். திரும்பத் திறந்தபோது, அட்டையில் மட்டும் இருந்த விஷயங்களில் பாதிக்குமேல் போயிருந்தது. மூன்றாம் ஹென்றி சிசிலிக்காகப் பணம் கேட்டது, அவரைக் கட்டுப்படுத்தப் பிரபுக்கள் கொண்டுவந்த 1258 ஆக்ஸ்ஃபர்ட் விதிகள், 15 பேர் சபை எல்லாம் புதிதாகப் படிப்பதுபோல இருந்தது. ஜோடித் தாள் நின்றது. ‘வாக்குக் கொடுத்தார், அப்புறம்?’ என்று நான் சமையலறையிலிருந்து கேட்டால் போதும், மைல் எண்டில் ஆரம்பித்து பிகாட் வரை தானாக வரும். ஒரு பக்கத்தில் பெயர் மறந்தால் எதிர்ப்பக்கம் ஞாபகப்படுத்தும். “ரிச்சர்டுக்கு ஸ்மித்ஃபீல்டுன்னா ஹென்றிக்கு எதுப்பா? ஆங், பிகாட்!” மீட்க இருபது நிமிடம். அட்டைகளுக்கு இரண்டு மாலைகள் போயின.

இன்னொரு லாபம், ஒரே தாள் வேறு கேள்விக்கும் பயன்பட்டது. ஜானையும் சார்லஸையும் ஜோடி சேர்த்தோம். நடு வாக்கியம், ‘போருக்குப் பணம், கேட்காமல் வரி, கடைசியில் கையெழுத்து.’ ஜானுக்குக் கையெழுத்தைவிட முத்திரை என்பதுதான் சரி, அவளே திருத்தினாள். சார்லஸ் 1628இல் நாடாளுமன்றம் கொடுத்த உரிமை மனுவை ஏற்றுக்கொண்டார், அடுத்த வருடமே நாடாளுமன்றத்தைக் கலைத்தார், 11 வருடம் கூட்டவே இல்லை, கடற்கரை ஊர்களுக்கு மட்டும் இருந்த கப்பல் வரியை 1635இல் உள்நாட்டுக்கும் நீட்டினார். அந்த மனுவுக்குப் பின்னால் இருந்த வழக்கறிஞர் எட்வர்ட் கோக் சுட்டிக்காட்டியது 1215 சாசனத்தைத்தான். ‘மாக்னா கார்ட்டாவின் முக்கியத்துவம் என்ன’ என்ற எட்டு மதிப்பெண் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது: அப்போது பண்ணையாட்களுக்குப் பெரிதாக ஒன்றும் தரவில்லை, போப் பத்து வாரத்தில் ரத்து செய்தார், ஆனால் நானூறு வருடம் கழித்து ஒரு வழக்கறிஞர் கையில் ஆயுதமானது.

ஜோடி முறைக்கும் ஓட்டைகள் உண்டு. ஒற்றுமை தேடுகிற ஆர்வத்தில் பொய்யான ஒற்றுமை முளைக்கும். 1536ஐயும் அவள் ஏழைகளின் கலகம் என்று எழுதிவிட்டாள். ஆஸ்க் வழக்கறிஞர், டார்சி பிரபு அவரோடு சேர்ந்தவர், கிறிஸ்தவ மடங்களை ஹென்றி மூடியதுதான் பெரிய கோபம். அதனால் ஒவ்வொரு தாளின் அடியிலும் சிவப்பு மையில் ஒரு வேற்றுமை கட்டாயம் என்று வைத்தோம். டி மான்ட்ஃபர்டை, சார்லஸை வீழ்த்திய ஆலிவர் கிராம்வெல்லோடு சேர்த்தது அவ்வளவாக ஒட்டவில்லை. 1265 நாடாளுமன்றத்துக்கு நகரத்தார் வந்தார்கள், சரி. ஆனால் அவர் ராஜாவைச் சிறைவைத்து ராஜாவின் பெயரிலேயே ஆண்டவர், கிராம்வெல் ராஜாவே வேண்டாம் என்றவர். நடு வாக்கியம் தொளதொளவென்றுதான் இருந்தது. போதாக்குறைக்கு இரண்டு கிராம்வெல்கள். ஆலிவர் தாமஸின் சகோதரி வழியில் வந்தவர் என்று சொன்ன பிறகுதான் அவள் ஆண்டுகளைக் குழப்புவது நின்றது.

பழைய ஆவணமோ படமோ ஒன்றைக் கொடுத்து அது எவ்வளவு பயனுள்ளது என்று கேட்கும் கேள்விக்கு ஜோடி எதுவும் செய்யாது. அதற்குப் பழைய வினாத்தாள்கள்தான். கட்டுரைக்காக, கைவிட்ட காரணிமுறையைக் கடைசியில் ஒரு பக்கத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தோம். அந்த எட்டுத் தலைப்புகளுக்குக் கீழே ஜோடிகளின் பெயர்களை மட்டும் எழுதினாள். இதெல்லாம் ஒரே பிள்ளை, ஒரே வாரியத் தேர்வு தந்த அனுபவம். கதையாகப் படிப்பதில் ஆர்வமில்லாத பிள்ளைக்கு, பட்டியல் போட்டால்தான் மனசு அமைதியாகும் பிள்ளைக்கு, அட்டையே நல்லதாக இருக்கலாம்.

தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் ஜோடி சேர்க்க உட்காராதீர்கள். நடு வாக்கியம் பிடிபடவே எங்களுக்கு ஜோடி ஒன்றுக்கு ஒரு மாலை ஆனது, அதுவும் அட்டைகளை ஏற்கெனவே எழுதிவைத்திருந்ததால். அப்படி அவசரம் என்றால் அட்டைகள், அதோடு 1381–1536 ஜோடி மட்டும்.