41 நாள் முன்னாடியே வேணாம்னு சொல்லியும் பன்னெண்டு மாசப் பணம் போச்சு, 'ஏற்கிறேன்'னு டிக் போடறவங்க படிங்க

கோவத்துல டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. முந்தாநேத்து காலைல எழுந்து பாக்குறேன், கார்டுலேருந்து பன்னெண்டு மாசப் பணம் மொத்தமா போயிருக்கு. போட்டோ, ஃபைல் எல்லாம் ஆன்லைன்ல சேமிச்சு வைக்கிற ஒரு சேவை, அவ்ளோதான் சொல்லுவேன். சந்தா முடிய 41 நாள் இருக்கும்போதே கேன்சல் பட்டனை அமுக்கிட்டேன், "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது"னு மெயிலும் வந்துச்சு, நானும் நிம்மதியா தூங்கிட்டேன்.

போன வருஷம் சேரும்போதே எனக்கு இந்த ஆட்டோ ரினியூவல் பயம் இருந்துச்சு. அதனாலதான் சாட்ல வந்தவர்கிட்ட கேட்டேன், வருஷச் சந்தா எடுத்தா நிறுத்துறது கஷ்டமானு. "எப்ப வேணாலும் ஒரே கிளிக்ல நிறுத்திக்கலாம் சார், கவலையே வேணாம்"னாரு. அதையே நாலு விதமா மாத்தி மாத்தி கேட்டேன், மனுஷன் சலிச்சுக்கவே இல்ல, அவ்ளோ பொறுமை. அவங்க வெப்சைட்லயும் கொட்டை எழுத்துல அதே வாசகம். சரினு கட்டத்துல டிக் போட்டேன். விதிமுறையைப் படிச்சேனா? இல்ல. ஸ்க்ரோல் பண்ணினேன், அது பாட்டுக்கு போய்க்கிட்டே இருந்துச்சு, அந்த ஆள் பேச்சை நம்பி விட்டுட்டேன்.

இப்ப கேட்டா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பக்கம் கை காட்டுறாங்க. முதல் ஆள், "உங்கள் வருத்தம் புரிகிறது"னு சொல்லி டிக்கெட் போட்டாரு, அரை மணி நேரத்துல அது "தீர்க்கப்பட்டது"னு மூடிக்கிச்சு. ரெண்டாவது ஆள் பில்லிங் டீம்கிட்ட கேளுங்கன்னாரு. பில்லிங் டீம், எங்க சிஸ்டத்துல ரீஃபண்ட் ஆப்ஷனே இல்லைன்னாங்க. பேங்க்ல கேட்டா நீங்கதான் அனுமதி குடுத்திருக்கீங்கன்னாங்க. பழைய சாட் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன், பதிலுக்கு "விதிமுறை 17 பார்க்கவும்"னு ஒரே ஒரு வரி.

நேத்து ராத்திரி உக்காந்து முழுசா படிச்சேன். 9.2, சந்தா முடியறதுக்கு 60 நாள் முன்னாடி சொல்லலைனா தானா அடுத்த வருஷத்துக்கு நீளும். அதாவது பட்டனை எப்ப வேணா அமுக்கலாம், அது எப்ப செல்லுபடியாகும்ங்கறது அவங்க கணக்கு. 9.5, கட்டின பணம் எந்தச் சூழ்நிலையிலும் திரும்பாது. அப்புறம் அந்த 17, அதைப் படிச்சப்பதான் வயிறு எரிஞ்சுது. இந்த ஆவணம் மட்டும்தான் முழு ஒப்பந்தமாம், ஊழியர்கள் வாயாலயோ சாட்லயோ சொன்ன எதுவும் இதுல சேராதாம். சாட்ல ஒருத்தரை உக்கார வச்சு தேனா பேச விட்டுட்டு, அவர் சொன்ன எதுக்கும் நாங்க பொறுப்பில்லனு உள்ள எழுதி வச்சிருக்காங்க.

இது ரெண்டு பேரும் பேசி எழுதின ஒப்பந்தம் கிடையாது, அவங்களே எழுதி நீட்டுறது, ஒத்துக்கோ இல்லைனா கிளம்பு. அதனாலதான் டிக் போட்டா எல்லாமே செல்லும்னு பல இடத்துல சட்டம் விடல. ஐரோப்பிய ஒன்றியம் 1993ல கொண்டுவந்த விதிகள்ல, நியாயமில்லாததா இருக்கக்கூடியதுனு ஒரு பட்டியலே இருக்கு, தானா நீளுற ஒப்பந்தத்துல வேணாம்னு சொல்ற கெடுவை அநியாயத்துக்கு முன்னாடியே வைக்கிறதும் அதுல ஒண்ணு. அர்த்தம் ரெண்டுபட்டா நுகர்வோருக்குச் சாதகமாத்தான் எடுக்கணும்னும் இருக்கு. இந்தியாவுல 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்'னு தனியா வரையறுத்திருக்கு, 2023 வழிகாட்டுதல்கள்ல சந்தா வலையை, அதாவது சந்தாவை நிறுத்த விடாம சிக்க வைக்கிறதை, பேர் சொல்லியே தடுத்திருக்காங்க. இங்கிலாந்துல டென்னிங்னு ஒரு நீதிபதி 1956லயே சொன்னாரு, சில விதிகளைச் சிவப்பு மையில அச்சடிச்சு, அதைக் காட்டுற மாதிரி ஒரு சிவப்புக் கையும் போட்டாத்தான் ஆளுக்குத் தெரியப்படுத்தினதா எடுத்துக்க முடியும்னு. என்னோட 9.2 வெளிறின சாம்பல் கலர்ல இருந்துச்சு.

இதெல்லாம் பணம் போனதுக்கப்புறம் தேடிப் படிச்சது. பன்னெண்டு மாசப் பணம்ங்க, இனிமே தொடவே போறதில்லாத ஒரு சேவைக்கு.

எப்படித் தப்பிக்கிறதுனு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. முழுசா படிக்க முடியலைனா பக்கத்துலயே தேடுற வசதில 'புதுப்பித்தல்', 'ரத்து', 'திரும்ப', 'முழு ஒப்பந்தம்' இந்த நாலையாவது தேடிப் பாருங்க. கெடு எத்தனை நாள்னு பாத்து அன்னிக்கே காலண்டர்ல அலாரம் வைங்க. சாட்ல நல்லவங்களா பேசினா, அதை எந்த விதி சொல்லுதுனு நம்பர் கேளுங்க. "கோரிக்கை பெறப்பட்டது"ன்னா ரத்தாயிடுச்சுனு அர்த்தம் இல்ல.

நாளைக்கு நுகர்வோர் புகார் எழுதப்போறேன். சாட், மெயில் எல்லாம் தேதியோட எடுத்து வச்சாச்சு, விதிமுறைப் பக்கத்தையும் முழுசா சேவ் பண்ணிட்டேன், ஏன்னா அதையும் முன்னறிவிப்பு இல்லாம எப்ப வேணா மாத்துவோம்னு 2.4ல போட்டு வச்சிருக்காங்க.