ஏ.எஸ்.ஆர்.எஸ். படிவம்: இலவசம்தான், நிரப்பத் தெரிய வேண்டும்

பெரியவர்களுக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு) இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், ரீல்ஸில் வரும் ‘க்விஸ்’களைத் தட்டிக்கொண்டிருப்பதைவிட நாமே நிரப்பும் உலக சுகாதார நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர்.எஸ். 1.1 படிவம் எவ்வளவோ மேல். காசு கிடையாது, ஐந்து நிமிட வேலை. கடந்த 6 மாதங்களைப் பற்றி 18 கேள்விகள். ‘ஒருபோதும் இல்லை’ தொடங்கி ‘மிக அடிக்கடி’ வரை ஐந்து கட்டங்கள்.

கணக்கில் வருவது முதல் 6 கேள்விகள்தான். பலர் சறுக்குவதும் அங்கேதான். கட்டத்துக்கு ஒரு மார்க் வைத்துக் கூட்டிவிடுகிறார்கள். மூலப் படிவத்தில் அப்படியில்லை: சில கட்டங்கள் சாம்பல் நிறத்தில் இருக்கும், டிக் அதற்குள் விழுந்ததா என்று மட்டும் பார்க்க வேண்டும். முதல் மூன்று கேள்விகளுக்குச் சாம்பல் ‘சில நேரங்களில்’ என்ற கட்டத்திலேயே தொடங்கிவிடும். அடுத்த மூன்றுக்கு ‘அடிக்கடி’யில்தான் தொடங்கும். ஆறில் நான்கு உள்ளே விழுந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். மங்கிய ஜெராக்ஸில் அந்தச் சாயம் தெரியாமல் போனால் படிவமே வீண். மிச்சமுள்ள 12 கேள்விகளுக்கு ‘இத்தனை விழுந்தால்’ என்ற வெட்டுக்கோடு இல்லை. ஆனாலும் நிரப்பிவிடுங்கள், மருத்துவருக்குப் பேச்சைத் தொடங்க அவை உதவும்.

மூன்றாவது கேள்வி, நேரம் குறித்த சந்திப்புகளையும் கடமைகளையும் மறப்பது பற்றியது. போனில் மூன்று அலாரம், மேசை முழுக்க மஞ்சள் சீட்டு, போதாததற்கு மனைவியின் நினைவூட்டல் என்று சமாளிப்பவர் கூசாமல் ‘அரிதாக’ என்று டிக் அடிப்பார். பொய்யில்லை, ஆனால் அந்த முட்டுக்கொடுப்பு எதுவும் படிவத்தில் தெரியாது. ஓரத்தில் பேனாவால் எழுதி வையுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நைட் ஷிஃப்ட், குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கம், தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, பதற்றம் இவற்றில் எது இருந்தாலும் சாம்பலில் டிக் எளிதாக விழும். இவற்றைப் பிரித்துப் பார்க்க இந்தப் படிவத்துக்குத் தெரியாது.

பெரிய ஓட்டை, சின்ன வயதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காதது. மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான, 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 விதிப்படி, அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, வேலை என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது வெளிப்பட வேண்டும். எனவே படிவத்தோடு பழைய ரேங்க் கார்டையும் தேடி எடுங்கள். மார்க்கைவிட ஆசிரியர் குறிப்பு எழுதிய மூலைதான் முக்கியம். அம்மாவோ அக்காவோ கூட வந்தால் இன்னும் நல்லது. பெரியவர்களின் ஏடிஹெச்டியைக் கண்டறியும் டிவா-5 போன்ற முறையான நேர்காணலுக்கே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். படிவத்தை மட்டும் பார்த்துப் பத்து நிமிடத்தில் முடிவு சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

படிவத்தைக் காட்டி மருந்தும் வாங்க முடியாது. ஏடிஹெச்டிக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து, இந்தியாவில் கடும் கட்டுப்பாடுள்ள ‘ஷெட்யூல் எக்ஸ்’ பட்டியலில் இருக்கிறது. மருந்துச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எல்லாக் கடையிலும் கிடைக்காது. எங்கே கிடைக்கும் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.