பிரஷர் இருக்கவங்களுக்கு கருவாடா, பச்சை மீனா?

பாம்பன், மண்டபம் பக்கம் பிரஷர் மாத்திரை போடுற நெறைய பேர் கேக்குறது இதான், கருவாட்ட விட்டுறணுமா, பச்சை மீனுக்கே மாறணுமான்னு.

உப்பு: ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்கு கீழ, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்ளதான் உப்பு இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கருவாடு உப்புலயே ஊறுனது, அதுக்கு மேல கொழம்புக்கும் உப்பு போட்டு, தொட்டுக்க ஊறுகாயும் வச்சா அளவு எங்கயோ போயிரும். பச்சை மீன்ல நாம போடுற உப்புதான், கைய கொறச்சா போதும்.

காசு: சாளை, சூடை மலிவா கெடைக்கிற நாள்ல பச்சை மீன்தான் லாபம், அதுல ஒமேகா 3 கொழுப்பும் நல்லா இருக்கு. ஏப்ரல் 15 லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துல விசைப்படகு போகாது, வெல ஏறிரும், அப்ப கருவாடுதான் கை குடுக்கும்.

வசதி: கருவாடு மாசக்கணக்குல கெடக்கும். ஐஸ்பெட்டி இல்லாத வீட்டுல பச்சை மீன அன்னிக்கே ஆக்கிரணும்.

என்னயக் கேட்டா, பிரஷர் இருக்கவங்க வீட்டுல பச்சை மீன்தான், பொரிக்காம கொழம்பா வைங்க. கருவாடு இல்லாம முடியாதுன்னா உப்பில்லாம காயவச்ச நெத்திலி கேட்டு வாங்குங்க, இல்லனா சுடுதண்ணில ரெண்டு மூணு வாட்டி ஊறவச்சு அலசிட்டு (அப்பவும் உப்பு முழுசா போகாது) கொழம்புக்கு தனியா உப்பே போடாதீங்க. மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திராதீங்க, தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து தர்றாங்க.