ஹெர்குலிஸ் மர விமான செட்: ஹட்டன் மழையில் ஆறு வாரம்

அமெரிக்கக் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸின் எச்-4 ஹெர்குலிஸ் விமானத்தை வீட்டிலேயே ஒட்டிச் செய்யும் மர செட் ஒன்றைக் கண்டியில் ஒரு கடையில் 14,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஹட்டனில் சின்னதாக ஒரு தளபாடப் பட்டறை வைத்திருக்கிறேன். மரத்தோடு பழகிய கை. பன்னிரண்டு வயது மகளும் நானுமாக ஆறு வாரம் இதோடு இருந்தோம். வாங்கலாமா என்றால், கட்டாயம் வாங்குங்கள். ஆனால் மலைநாட்டில் இருப்பவர்கள் ஆனி, ஆடி மழையில் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

அசல் விமானத்தில் 200-ல் ஒரு பங்கு இது. முடிந்ததும் இறக்கை நுனிக்கு நுனி 49 சென்டிமீட்டர் வருகிறது. அசலுக்கு 320 அடி. இந்தக் கணக்கு மகளுக்குப் பிடிபடவில்லை. நான் பிறந்த லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, கூட்டிப்போய்க் காட்டினேன். பத்தடிக் காம்பரா பத்து. அப்படி மூன்று லயத்தை ஒரே வரிசையில் வைத்தாலும் அந்த இறக்கை இன்னும் இருபது அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். செட்டோடு 9 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு மனிதப் பொம்மையும் தருகிறார்கள். விமானத்தின் வயிற்றுக்குப் பக்கத்தில் அதை நிறுத்தியதும் மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதே விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரிகளும் உண்டு. நான் மரத்தைத் தேடி வாங்கியதற்குக் காரணம், அசலே மரம் என்பதுதான். 1942-ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அத்திலாந்திக்கில் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. கடலுக்கு மேலாகவே ஆட்களைக் கொண்டுபோய்விட்டால் என்ன என்று கப்பல் கட்டும் ஹென்றி கைசர் யோசித்தார். ஹியூஸ் அவரோடு சேர்ந்தார். 750 படைவீரர்களை ஏற்றும், தண்ணீரிலிருந்தே ஏறி இறங்கும் பறக்கும் படகு. ஆனால் போர்க்காலத்தில் அலுமினியத்துக்குக் கட்டுப்பாடு. அதனால் பேர்ச் மரத்தை மெல்லிய தாளாகச் சீவி, ஒரு தாளின் நார் நெடுக்கிலும் அடுத்ததன் நார் குறுக்கிலும் வரும்படி அடுக்கி, பிசின் பசை போட்டு, சூட்டிலும் அழுத்தத்திலும் அச்சில் வளைத்தார்கள். செட்டின் அட்டையில் 'ஸ்புரூஸ் கூஸ்' (ஸ்புரூஸ் மர வாத்து) என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அது பத்திரிகைகள் கேலியாக வைத்த பெயர். ஹியூஸுக்கே அது பிடிக்காது. மரமும் பெரும்பாலும் ஸ்புரூஸ் இல்லை, பேர்ச்.

நார் மாற்றி அடுக்கிய பலகை எங்களுக்குப் புதிதா? என் அப்பா தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பெட்டி அடித்தவர். பிளைவூட் பலகை, உள்ளே ஈயத்தாள், ஓரத்தில் தகரப் பட்டி. கொழும்புக்குப் போன தேயிலையெல்லாம் அந்தப் பெட்டியில்தான் போனது. பிறகு காகிதச் சாக்கு வந்தது, அப்பாவின் வேலையும் போனது. வாயில் நாலைந்து ஆணியைக் கவ்விக்கொண்டு அவர் அடிப்பதைச் சின்ன வயதில் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஹெர்குலிஸ் கட்டியவர்களும் பசை காயும்வரை மரத்தாள் நகராமலிருக்கச் சின்னச் சின்ன ஆணிகளை அடித்து, காய்ந்தபின் எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்தார்களாம். நாங்களும் அப்படியே குண்டூசி குத்தி இறக்கைத் தோலை ஒட்டினோம். செய்முறைத் தாளில் ரப்பர் வளையம் போடச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்க வேண்டாம். வளையம் இறக்கையின் விளிம்பை நசுக்கிவிடும்.

சரி, குறைகள். இறக்கைத் தோலுக்குத் தந்திருப்பது ஒரு மில்லிமீட்டர் பலகை. முதல் வாரமே மழை ஈரத்தில் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. அடுப்புக்கு மேலே பரணில் இரண்டு நாள் வைத்து, மேலே கனமான பலகை ஏற்றித்தான் நேராக்கினேன். ஈரம்தான் மரத்துக்கு எதிரி. ஹியூஸ் அசல் விமானத்தைக் காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்திய கொட்டகையில் வைத்து, 1976-ல் தான் சாகும்வரை ஆள் வைத்துப் பராமரித்தார். மறுபடி பறக்காத ஒரு விமானத்துக்காக! அவரைப் பித்தன் என்பார்கள். மரவேலைக்காரனாகச் சொல்கிறேன், அந்தக் கொட்டகை விஷயத்தில் அவர் செய்தது சரி.

செட்டோடு வரும் பசை பாதி காய்ந்திருந்தது. கடையில் வெள்ளைப் பசை வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சின்கள் மட்டும் அருமை. எட்டு எஞ்சினுக்கும் எட்டு உருண்டைத் துண்டு, விளிம்பில் பிசிறே இல்லை. அசலில் ஒவ்வொன்றும் 28 சிலிண்டர், 3,000 குதிரைவலு. எஞ்சினுக்கு நாலு விசிறித் தகடு, மொத்தம் 32. எங்கள் பெட்டியில் 31 இருந்தது. கடைக்கு இரண்டு தடவை போன் எடுத்தும் பதில் சரியாக வரவில்லை. கடைசியில் கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையிலிருந்து ஒரு மிலாறு, அதாவது வெட்டிப் போட்ட கிளை, எடுத்துவந்து சீவினேன். தேயிலை மரம் நல்ல இறுக்கம், கத்திக்குச் சுத்தமாக வருகிறது. விமானம் முழுக்க வெள்ளிப் பூச்சு அடித்தோம். அந்த ஒரு தகட்டுக்கு அடிக்க மகள் விடவில்லை.

அப்புறம் அந்தத் தாங்கி. தண்ணீர் மாதிரி ஒரு நீலத் தகடும் 25 சென்டிமீட்டர் கம்பியும் தருகிறார்கள். மகள் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கடல் விமானம் இறங்குவதைப் பார்த்தவள். அதனால் தண்ணீர் மேலேயே வைக்கலாம் என்றாள். நான் அவளுக்கு 1947-இன் கதையைச் சொன்னேன். போர் முடிந்து இரண்டு வருடம். அரசுப் பணத்தை வீணடித்தார் என்று அமெரிக்க செனட் குழு ஹியூஸைக் கூப்பிட்டு விசாரித்தது. விமானம் தோற்றால் நாட்டை விட்டே போய்விடுவேன் என்று அவர் அங்கே சொன்னார். அந்த நவம்பர் 2-ஆம் திகதி கலிபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தில் தண்ணீரில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பியவர், மூன்றாவது ஓட்டத்தில் தூக்கிவிட்டார். சுமார் ஒரு மைல் தூரம். ஒரு நிமிடம்கூட இல்லை. அவ்வளவுதான் அது வாழ்நாளில் பறந்தது.

எவ்வளவு உயரம் என்று கேட்டாள். 70 அடி, 21 மீட்டர். கொப்பியை எடுத்து 200-ஆல் வகுத்துப் பார்த்து, "அப்பா, கம்பியைப் பத்தரை சென்டிமீட்டருக்கு வெட்டுங்க" என்றாள். வெட்டினேன்.