பழைய அம்பாசடருக்கு பாயிண்ட்டா, எலக்ட்ரானிக் இக்னிஷனா?

1489 சிசி பெட்ரோல் அம்பாசடர் மிஸ்ஸிங் அடித்தாலோ (இன்ஜின் விட்டு விட்டு ஓடினாலோ), காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தாலோ பலரும் கார்புரேட்டரைத்தான் முதலில் கழற்றுகிறார்கள். அதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டித்து ஸ்பார்க் வரவைப்பது பாயிண்ட் என்ற தொடுமுனை ஜோடி. அதற்குப் பதிலாக அதே வேலையைச் செய்யும் மின்னணு மாட்யூல்தான் எலக்ட்ரானிக் இக்னிஷன்.

செலவு
பாயிண்ட், கண்டென்சர் (பாயிண்ட் முனைகளில் பொறி பறப்பதைக் குறைக்கும் சிறு பாகம்): மலிவு. ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும்.
எலக்ட்ரானிக்: முதலில் கூடுதல் பணம். பிறகு பாயிண்ட் தேய்மானம் என்ற பேச்சே இல்லை.

பராமரிப்பு
பாயிண்ட்: இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து நீங்களே சரிசெய்யலாம். டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் எத்தனை முறை வைத்தாலும் இடைவெளி நிற்காது.
எலக்ட்ரானிக்: அந்த ஆட்டத்தை ஓரளவு தாங்கும்.

பழுது கண்டறிதல்
இதில்தான் பாயிண்ட் ஜெயிக்கிறது. முனை கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டென்சர் மீது சந்தேகம் வரும். வண்டி சூடானபின் மட்டும் மிஸ்ஸிங் என்றாலும் கண்டென்சரையும் காயிலையும் (ஸ்பார்க்குக்காக மின்னழுத்தத்தை உயர்த்தும் பாகம்) பாருங்கள். பாயிண்ட் கெடுவதற்கு முன் பெரும்பாலும் அறிகுறி காட்டும். எலக்ட்ரானிக் மாட்யூல் பல நேரம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும், பார்த்தால் எதுவும் தெரியாது. பேட்டரி முனைகளை மாற்றி இணைத்தால் கருகியும் போகலாம்.

தினமும் ஓட்டுபவர்களுக்கு எலக்ட்ரானிக்தான் என் பரிந்துரை. கழற்றிய பாயிண்ட் செட்டை டிக்கியில் வைத்திருங்கள். ஞாயிறு மட்டும் எடுத்து, தானே ஸ்பேனர் பிடிப்பவருக்குப் பாயிண்ட்டே போதும்.