விறகு விலைக்குப் போன என் தேக்கு

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் இளம் தேக்கு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். "கூலி வேண்டாம் சார், நானே மரத்தைக் கலைத்துத் தருகிறேன், வெட்டியதை விறகு எடைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு வியாபாரி தோப்பு தோப்பாகக் கேட்டுக்கொண்டு திரிகிறார். கலைப்பது என்றால் நெருக்கம் குறைய இடையிடையே சில மரங்களை வெட்டி எடுப்பது. ஆளின் பேச்சு தேனாக இருக்கும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து எங்கள் தென்னை முழுதும் சாய்ந்துவிட்டது. தண்ணீர் தேங்காத மேட்டு நிலம், ஒரு ஏக்கர். அடுத்த வருடம் 8க்கு 8 அடியில் 680 தேக்கு வைத்தோம். 620 தேறின. ஐந்தாறு வருடத்தில் கொண்டை ஒன்றோடொன்று முட்டி, வெளிச்சம் போதாமல் கீழ்க்கிளைகள் காய்ந்து, தண்டு பருக்காமல் உயரம் மட்டும் போனது. இந்த வயதில் ஒரு பகுதியை எடுத்தால்தான் மிச்சம் பருக்கும். அது எனக்கும் தெரியும். தெரிந்ததுதான் வினை.

200 மரம், டன் 2,500 ரூபாய் என்று வாய்ப்பேச்சில் முடித்தோம். மூலைவாட்டில் ஒன்றுவிட்டு ஒரு வரிசையாக எடுக்கலாம் என்றேன். "கோடு பிடித்து வெட்டினால் நல்ல மரமும் போய்விடுமே சார். கோணல், நோஞ்சான், அமுங்கினது, இதையெல்லாம் நான் பார்த்து எடுக்கிறேன்" என்றார். சொன்னது பாதி உண்மை. வேலை தெரிந்த ஆள் நேர்மையாக வெட்டினால் அதுதான் சிறந்த முறை. வெட்டியதை எடுத்துப்போகிறவரே எதை வெட்டுவது என்றும் முடிவு செய்தால் என்ன ஆகும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டாம் நாள் ஒரு கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் போயிருந்தேன். பக்கத்து வயல் அண்ணன் போன் செய்தார்: "தம்பி, நெட்டையா நின்னதெல்லாம் சாஞ்சு கிடக்கு, நீ சொல்லித்தான் வெட்டுறாங்களா?"

வந்து பார்த்தால், பேசியது 200, வெட்டிய அடிமரம் 263. சுற்றளவு நாடாவை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தேன். பெரும்பாலானவை 20 அங்குலத்துக்கு மேல். நிற்கிறவற்றில் பாதிக்கு அடியில் 12 அங்குலம்கூட இல்லை. நேராக வளர்ந்ததைக் கம்பாக, கட்டையாக விற்கலாம், விலையே வேறு. அதை என்னிடம் விறகு விலைக்கு வாங்கிக்கொண்டார். கோணல் எல்லாம் பத்திரமாக எனக்கு விட்டுவைத்திருக்கிறார், நல்ல மனசு!

சரி, எடையாவது ஒழுங்காக வந்ததா என்றால் அதுவும் இல்லை. பேசிய விலை பச்சை மரத்துக்கு. வெட்டிப்போட்டுவிட்டு "லாரி கிடைக்கவில்லை" என்று அக்னி நட்சத்திர வெயிலில் இருபது நாள் கிடத்தினார். பச்சை விறகில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். ஒவ்வொரு நாளும் என் பணம் ஆவியாகிக்கொண்டிருந்தது. எடை மேடையில் இன்னொரு கூத்து. காலி வண்டியை எடை போட்டபோது சுமை ஆட்கள் ஏழு பேரும் மேலே உட்கார்ந்திருந்தார்கள். பாரம் ஏற்றி வந்தபோது எல்லாரும் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார்கள். நடைக்கு நானூறு கிலோவாவது அப்படிப் போயிருக்கும். மூன்றாவது நடையில்தான் கவனித்தேன். கேட்டதற்கு, "நீங்கள்தானே சார் வெட்டச் சொன்னீர்கள், எழுத்தில் ஏதாவது இருக்கா?" என்றார். இல்லை.

ஆடிக் காற்றில் அடுத்த அடி. நெருக்கத்தில் ஒன்றுக்கொன்று தாங்கலாக நின்ற ஒல்லி மரங்களுக்குத் திடீரென்று சுற்றிலும் வெட்டவெளி. நாற்பதுக்கு மேல் வில்லாக வளைந்துவிட்டன. அடிமரத்தை ஒன்றரை அடி உயரத்தில் பிளந்தும் பிய்த்தும் விட்டிருந்தார்கள். தேக்கு மறுதாம்பு, அதாவது வெட்டிய அடியிலிருந்து மறுதுளிர், நன்றாக விடும், ஆனால் தரையை ஒட்டி, கொஞ்சம் சரிவாக, சீராக வெட்டியிருந்தால்தான் துளிர் அடியிலிருந்து உறுதியாக வரும். இப்போது நானே ஆள் வைத்து ரம்பத்தால் திரும்ப வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு அடியிலும் திடமான ஒரே துளிரை விட்டு மற்றதைக் கிள்ள வேண்டும். அந்தக் கூலி தனி.

மரமாக விற்பவர்களுக்கும் ஒன்று. இங்கே சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கிக் கன அடி சொல்வார்கள். அந்தக் கணக்கில் உருட்டு மரத்தின் உண்மையான அளவில் நூற்றுக்கு 78 தான் வரும். அது ஊர் வழக்கம், ஒத்துக்கொண்டு விலை பேசலாம். அதற்கு மேலும் "பட்டைக் கழிவு" என்று இரண்டு அங்குலம் குறைத்தால் விடாதீர்கள்.

நிற்க வேண்டிய மரங்களுக்கு இப்போது நானே நெஞ்சு உயரத்தில் சுண்ணாம்புப் பட்டை அடித்திருக்கிறேன். வெட்டுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியது. அரை நாள் வேலை, ஒரு வாளி சுண்ணாம்பு. போன வாரம் அதே ஆள் போன் செய்து "மிச்சத்தையும் பார்த்துவிடலாமா சார்" என்றார். பக்கத்து ஊரில் ஒருவருடைய மகோகனித் தோப்பைப் பேசி முடித்துவிட்டதாகவும், வெள்ளிக்கிழமை அரிவாள் வைக்கப்போவதாகவும் அவரே பெருமையாகச் சொன்னார். தோப்புக்காரர் யாரென்று தெரியவில்லை. அவர் கண்ணில் படட்டும் என்றுதான் இன்றைக்கே எழுதுகிறேன்.