கோடை விடுமுறையில் தனி ஜெபம்: காலையிலா, இரவிலா?

நேரம்: காலையில் வீடு விழிக்கும் முன் 20 நிமிடம். இரவில் 10 போதும்.

முறை: காலைக்கு வேதாகமத்தின் சங்கீதங்கள், நாளுக்கு 5. 176 வசனமுள்ள 119-ஆம் சங்கீதத்தைத் தனி நாளில் வைத்தால் 150-ம் 31 நாளில் முடியும். இரவில், அன்று பெற்ற மூன்று நன்மைகளைப் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். கடந்த அந்த நாளை மணிவாரியாகத் திரும்பிப் பாருங்கள். தவறுக்கு மன்னிப்புக் கேளுங்கள். மறுநாளுக்கு ஒரே ஒரு தீர்மானம்.

தடை: காலையில் கைபேசி, அதை வேறு அறையில் வையுங்கள். இரவில் தூக்கம். படுத்தபடி தொடங்கினால் நன்றியோடு நின்றுவிடும், உட்கார்ந்தே செய்யுங்கள்.

பயணத்திலும் விருந்தினர் நிறைந்த வீட்டிலும் இரவே நிலைக்கும். பரபரப்பில் எரிச்சல்படுபவருக்குக் காலைதான்.